புரூஸா, பேலியலா? ஸ்காட்லாந்து அரியணைச் சண்டைக்குப் பின்னால் இருந்த ஹன்டிங்டன் டேவிட்டின் குடும்பம்

ஸ்காட்லாந்து விடுதலைப் போர் பற்றிய படமோ தொடரோ பார்த்து முடித்தவர்களுக்கு வழக்கமாக ஒரு சந்தேகம் வரும். ராபர்ட் புரூஸ் ராஜாவானார், சரி. ஆனால் அவருடைய அப்பா ராஜா இல்லை, தாத்தாவும் இல்லை. அவருக்கு முன்னால் ஆண்ட ஜான் பேலியலின் அப்பாவும் ராஜா இல்லை, வடக்கு இங்கிலாந்தில் நிலம் வைத்திருந்த ஒரு பிரபு, அவ்வளவுதான். பிறகு எந்த உரிமையில் இந்த இரண்டு குடும்பங்களும் அரியணைக்காக அடித்துக்கொண்டன? இதில் இங்கிலாந்து ராஜா எப்படி நீதிபதியானார்?

பதில் 1219-ல் இறந்துபோன ஒரு பிரபுவின் வீட்டில் இருக்கிறது. அவர் பெயர் டேவிட், ஹன்டிங்டன் எர்ல் (எர்ல் என்பது இங்கிலாந்தில் ஓர் உயர்ந்த பிரபுப் பட்டம்). அவருக்கு வாரிசு விட்டுப்போன மகள்கள் மூன்று பேர். அந்த மூவரில் யார் மூத்தவர், யாருடைய பிள்ளை எத்தனையாவது தலைமுறை என்ற கணக்குதான் அவர் இறந்து 70 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாட்டின் தலையெழுத்தைத் தீர்மானித்தது. டேவிட் தன் வாழ்நாளில் செய்த எதுவும் இந்த அளவுக்குப் பெரிய விளைவைத் தரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஸ்காட்லாந்து இளவரசருக்கு இங்கிலாந்துப் பட்டம் எப்படி வந்தது?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹன்டிங்டன் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஸ்காட்லாந்து எல்லையிலிருந்து வெகு தூரத்தில். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் முதலாம் டேவிட், அரசராவதற்கு முன்பு, மாட் என்ற இங்கிலாந்துச் சீமாட்டியை மணந்தார். ஹன்டிங்டன் பட்டமும் அதைச் சேர்ந்த நிலங்களும் அந்த மனைவி வழியாக வந்தவை. அதன் பிறகு அந்தச் சொத்து ஸ்காட்லாந்து அரச குடும்பத்தின் கைக்கு வருவதும் போவதுமாக இருந்தது.

இதனால் ஒரு விநோதமான நிலை உருவானது. ஸ்காட்லாந்தின் அரசர் தன் நாட்டில் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை, ஆனால் இங்கிலாந்தில் உள்ள நிலத்துக்காக இங்கிலாந்து ராஜாவின் முன் மண்டியிட்டு விசுவாச உறுதி சொல்ல வேண்டும். அந்த உறுதி நிலத்துக்கு மட்டுமா, நாட்டுக்கும் சேர்த்தா என்பதில்தான் பின்னால் பெரிய வில்லங்கம் வந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் டேவிட் அந்த முதலாம் டேவிட்டின் பேரன். 1152 வாக்கில் பிறந்தார், அதே ஆண்டு அப்பா ஹென்றி இறந்துபோனார். அடுத்த ஆண்டு தாத்தாவும் போய்ச் சேர, 12 வயது அண்ணன் மால்கம் அரசரானார். மால்கம் கல்யாணமே செய்துகொள்ளாமல் 1165-ல் இறந்தார். அடுத்த அண்ணன் வில்லியம், 'சிங்கம்' என்று பின்னாளில் பெயர் பெற்றவர், அரியணை ஏறி 1214 வரை ஆண்டார். டேவிட் கடைசிப் பையன். இரண்டு அண்ணன்களும் ராஜா, அவர் மட்டும் ராஜாவின் தம்பி.

பணயக் கைதியிலிருந்து எர்ல் வரை

1173-ல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஹென்றிக்கு எதிராக அவருடைய சொந்த மகன்களே கிளர்ச்சி செய்தபோது, வில்லியம் கிளர்ச்சிக்காரர்கள் பக்கம் சேர்ந்தார். டேவிட்டும் போனார், லெஸ்டரில் கிளர்ச்சிப் படைக்குத் தலைமை தாங்கினார். ஆனால் 1174 ஜூலையில் ஆல்னிக் என்ற இடத்தில் வில்லியம் பிடிபட்டுவிட, எல்லாம் கவிழ்ந்தது. ஃபாலேஸ் உடன்படிக்கையின்படி வில்லியம் ஸ்காட்லாந்து நாட்டுக்காகவே ஹென்றிக்கு அடிபணிய வேண்டியதாயிற்று, டேவிட் பணயக் கைதிகளில் ஒருவரானார். ஹன்டிங்டன் வேறு ஒருவர் கைக்குப் போனது.

அது திரும்பக் கிடைத்தது 1185-ல். ஹென்றி அதை வில்லியமுக்குக் கொடுக்க, வில்லியம் தம்பிக்குக் கொடுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து ஹென்றியின் மகன் ரிச்சர்ட் இங்கிலாந்து ராஜாவாக முடிசூடியபோது ஊர்வலத்தில் மூன்று வாள்களை ஏந்திச் சென்ற மூவரில் டேவிட்டும் ஒருவர். அதே 1189-ல் இன்னொன்றும் நடந்தது: சிலுவைப் போருக்குப் பணம் தேடிக்கொண்டிருந்த ரிச்சர்ட் 10,000 மார்க் (அன்றைய பணக் கணக்கு) வாங்கிக்கொண்டு ஃபாலேஸ் உடன்படிக்கையை ரத்து செய்தார். ஸ்காட்லாந்து மறுபடி சுதந்திரம். குறைந்தபட்சம் ஸ்காட்லாந்துக்காரர்கள் அப்படித்தான் நினைத்தார்கள்.

1190 ஆகஸ்டில் டேவிட் செஸ்டர் எர்லின் மகளைக் கைப்பிடித்தார், அவர் பெயரும் மாட்தான். டேவிட்டுக்கு 38 வயது இருக்கும், பெண்ணுக்கு 19. வடக்கே அபர்டீன் பக்கம் கேரியோக் என்ற பெரிய நிலப்பகுதி, கிழக்குக் கரையில் டண்டீ நகரம், தெற்கே ஹன்டிங்டன் நிலங்கள் என்று இரண்டு நாட்டிலும் கால் பதித்து வாழ்ந்தார். ஃபைஃப் பகுதியில் லிண்டோர்ஸ் மடாலயத்தை நிறுவினார்.

போகிற போக்கில் ஒன்று: 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் நாடகக்காரர்கள் ராபின் ஹூட்டை 'ஹன்டிங்டன் எர்ல்' ஆக்கிவிட்டார்கள், அதனால் டேவிட்தான் நிஜ ராபின் ஹூட் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. ரிச்சர்ட் திரும்பி வந்த 1194-ல் நாட்டிங்ஹாம் கோட்டை முற்றுகையில் டேவிட் இருந்தது உண்மை. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

1195: மகளா, தம்பியா?

டேவிட்டின் வாழ்க்கையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஆண்டு இது. என் பார்வையில் பின்னால் வந்த சண்டையின் விதை இங்கேதான் விழுந்தது.

வில்லியமுக்கு அப்போது மகன் இல்லை, மகள்கள் மட்டும். 1195-ல் நோய்வாய்ப்பட்ட வில்லியம், மூத்த மகள் மார்கரெட்டை ஜெர்மனியின் ஓட்டோவுக்குக் கட்டிக்கொடுத்து, மருமகனிடம் நாட்டை ஒப்படைக்கலாம் என்று யோசித்தார். பிரபுக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எர்ல் பேட்ரிக் தலைமையில் எழுந்த எதிர்ப்பின் சாரம் இதுதான்: அரசரின் வம்சத்தில் தம்பியோ தம்பி மகனோ இருக்கும்போது ஒரு பெண் வழியாக நாடு போவது இந்த மண்ணின் வழக்கம் இல்லை. அந்தத் தம்பி, வேறு யார், டேவிட்.

இங்கிலாந்துச் சட்டம் இதற்கு நேர் எதிர். அங்கே மகள் இருந்தால் தம்பிக்குச் சொத்து போகாது. ஆக 1195-ல் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் பேசியது ஒரு விதி, எல்லைக்குத் தெற்கே நடந்தது வேறு விதி. அரியணைக்கு எது பொருந்தும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 1198-ல் வில்லியமுக்கு அலெக்சாந்தர் என்ற மகன் பிறந்துவிட்டதால் கேள்வியே தேவைப்படாமல் போய்விட்டது.

அடுத்த ஆண்டு, 1199-ல், இதே மாதிரியான சிக்கல் இங்கிலாந்து அரச குடும்பத்திலேயே வெடித்தது. ரிச்சர்ட் இறந்தார், பிள்ளை இல்லை. அடுத்தது யார்? உயிரோடு இருக்கும் கடைசித் தம்பி ஜானா, இறந்துபோன நடுத் தம்பியின் மகன் ஆர்தரா? தலைமுறைக் கணக்கில் ஜான் நெருக்கம், வரிசைக் கணக்கில் ஆர்தர் மூத்த கிளை. ஜான் ஜெயித்தார். ஆர்தரின் அம்மாவைப் பெற்றவள் டேவிட்டின் சொந்த அக்கா மார்கரெட் என்பது கூடுதல் தகவல்.

ஜானுடைய ஆட்சியில் டேவிட்டுக்கு நல்ல காலம் இல்லை. 1212-ல் சந்தேகப்பட்டு அவருடைய ஃபோதரிங்ஹே கோட்டையைக் கேட்டு வாங்கினார்கள். உள்நாட்டுப் போரில் ஹன்டிங்டன் மறுபடி பறிபோய் 1218-ல் திரும்பி வந்தது. 1219 ஜூன் 17 அன்று நார்தாம்ப்டன்ஷயரில் யார்ட்லி என்ற ஊரில் டேவிட் இறந்தார். அடக்கம் செய்தது அவர் கட்டிய லிண்டோர்ஸில் அல்ல, இங்கிலாந்தின் சாட்ரி மடாலயத்தில்.

பிள்ளைகள்: இந்தப் பட்டியலை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்

1. மார்கரெட், மூத்த மகள். 1209-ல் கேலோவே பிரபு ஆலனை மணந்தார். இவருடைய மகள்கள் கிறிஸ்டியானா, டெர்வோர்கில்லா. கிறிஸ்டியானா 1246-ல் பிள்ளை இல்லாமல் இறந்தார். டெர்வோர்கில்லா இங்கிலாந்துப் பிரபு ஜான் பேலியலை மணந்தார். இவர்கள் மகன்தான் பின்னாளில் அரசரான ஜான் பேலியல்.

2. இசொபெல், இரண்டாம் மகள். ஆனன்டேல் பிரபு ராபர்ட் புரூஸை மணந்தார். இவர்கள் மகன் இன்னொரு ராபர்ட் புரூஸ். 1291-ல் உரிமை கோரியவர் இவர். விடுதலைப் போர் நாயகன் இவருடைய பேரன். மூன்று தலைமுறைக்கும் மேலாக மூத்த பிள்ளைக்கெல்லாம் அதே பெயர், அதனால் வரும் குழப்பத்துக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. உரிமை கோரியவரை இனி 'கிழவர் புரூஸ்' என்றே சொல்கிறேன், வழக்கு நடந்தபோது அவருக்கு 80-ஐ ஒட்டிய வயது.

3. அடா, மூன்றாம் மகள். ஹென்றி ஹேஸ்டிங்ஸை மணந்தார். இவருடைய பேரன் ஜான் ஹேஸ்டிங்ஸ்.

4. ஜான், டேவிட்டுக்குப் பிறகு நிலைத்த ஒரே மகன். ஹன்டிங்டனோடு, தாய்மாமன் இறந்த 1232-ல் செஸ்டரும் இவருக்கு வந்தது. 1237-ல் பிள்ளை இல்லாமல் இறந்தார்.

இவர்கள் தவிர சிறுவயதிலேயே இறந்தவர்களும், திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்களும் உண்டு. பின்னவர்களில் ஹென்றி என்ற மகன் வழியாக வந்தது பிரெக்கின் குடும்பம். வாரிசுச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை.

1237: செஸ்டரில் நடந்த ஒத்திகை

டேவிட்டின் மகன் ஜான் இறந்ததும் சொத்து மூன்று அக்காக்களின் கிளைகளுக்குப் போக வேண்டும். இங்கிலாந்துச் சட்டத்தில் மகன்கள் இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம். மகன் இல்லாமல் மகள்கள் மட்டும் என்றால் சமமாகப் பாகப்பிரிவினை. மூத்தவள் ஏற்கெனவே இறந்திருந்தால் அவள் பங்கு அவள் பிள்ளைகளுக்கு.

பிரச்சினை செஸ்டர். அது சாதாரணப் பண்ணை நிலம் இல்லை, இங்கிலாந்துக்குள்ளேயே பாதி தனி அரசு மாதிரி தன் சொந்த நீதிமன்றம், அதிகாரிகளோடு நடந்த பகுதி. மூத்த கிளையின் மூத்த பெண் கிறிஸ்டியானாவின் கணவர் வில்லியம் டி ஃபோர்ஸ், இப்படிப்பட்ட ஒன்றைத் துண்டு போட முடியாது, முழுவதும் மூத்த வழிக்கே என்று வாதாடினார். மற்றவர்கள் எங்கள் பங்கு எங்கே என்றார்கள். பிரிக்கலாம் என்றுதான் தீர்ப்பு வந்தது. ஆனால் கடைசியில் லாபம் அடைந்தவர் மூன்றாம் ஹென்றி ராஜா: வேறு நிலங்களை மாற்றாகக் கொடுத்து ஒவ்வொருவரையும் வெளியேற்றி, செஸ்டரைத் தானே வைத்துக்கொண்டார். எசெக்ஸில் ரிட்டில், ஹாட்ஃபீல்ட் போன்ற இடங்கள் புரூஸ் குடும்பத்துக்கு வந்தது இந்த வழியில்தான். இன்றுவரை செஸ்டர் எர்ல் பட்டம் இங்கிலாந்து அரச வாரிசோடு ஒட்டிக்கொண்டிருப்பதற்கும் இதுவே காரணம். ஸ்காட்லாந்தில் இருந்த கேரியோக்கும் டண்டீயும் மூன்று பங்காகப் பிரிந்தன.

கேலோவே விவகாரத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மார்கரெட்டின் கணவர் ஆலன் 1234-ல் இறந்தபோது அவருக்கும் மகள்கள்தான் சட்டப்படி வாரிசு. உள்ளூர் மக்கள் தங்கள் மண்ணைப் பெண்களின் கணவன்மார் கூறுபோடுவதை விரும்பாமல், ஆலனின் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் தாமஸை முன்னிறுத்திக் கலகம் செய்தார்கள். ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் அலெக்சாந்தர் படை அனுப்பி அடக்கி, பிரிவினையை நடத்திவைத்தார். தாமஸை பேலியல் குடும்பம் பார்னார்ட் கோட்டையில் அடைத்து வைத்தது. அவர் வெளியே வந்தது 1296-ல். கிட்டத்தட்ட 60 ஆண்டுகள் சிறையில்! அப்பா வழிச் சகோதரி டெர்வோர்கில்லா தன் கணவரின் நினைவாக மடாலயம் கட்டி, அவருடைய இதயத்தைத் தந்தப் பேழையில் பாதுகாத்து, ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரிக்கு விதிமுறைகள் வகுத்துக் கொடுத்த காலம் முழுக்க, இவர் கம்பிக்குப் பின்னால்.

அரச வம்சம் எப்படி அற்றுப்போனது?

வில்லியம், அவர் மகன் இரண்டாம் அலெக்சாந்தர், பேரன் மூன்றாம் அலெக்சாந்தர் என்று 1286 வரை நேர் வரிசை ஒழுங்காக வந்தது. மூன்றாம் அலெக்சாந்தருக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் 1281-க்கும் 1284-க்கும் இடையில் அடுத்தடுத்து இறந்தார்கள். 1286 மார்ச்சில் ஒரு புயல் இரவில் கிங்ஹார்ன் அருகே குதிரையில் போன ராஜாவும் விழுந்து இறந்தார். மிச்சம் இருந்தது நார்வே அரசருக்குக் கட்டிக்கொடுத்த மகளின் குழந்தை, மூன்று வயதுகூட நிரம்பாத மார்கரெட். அவளை இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்டின் மகனுக்கு மணம்பேசினார்கள். 1290 செப்டம்பரில் ஸ்காட்லாந்துக்கு வரும் வழியில் ஆர்க்னி தீவுகளில் குழந்தை இறந்தது.

வில்லியமின் சட்டபூர்வமான சந்ததி அதோடு முடிந்தது. ஒரு படி மேலே ஏறி வில்லியமின் தம்பியிடம் வர வேண்டும். வந்தால் அங்கே மூன்று மகள்கள்.

தேதி ஒன்றைக் கவனியுங்கள். டெர்வோர்கில்லா இறந்தது 1290 ஜனவரியில், குழந்தை ராணிக்கு வெறும் எட்டு மாதம் முன்பு. டெர்வோர்கில்லா டேவிட்டின் பேத்தி, கிழவர் புரூஸ் டேவிட்டின் பேரன், இருவரும் ஒரே தலைமுறை. அவர் போனதும் அவர் இடத்துக்கு வந்த ஜான் பேலியல் கொள்ளுப்பேரன். அதாவது கிழவர் புரூஸுக்கு ஒரு தலைமுறை நெருக்கம் என்ற புதிய துருப்புச்சீட்டு அந்த எட்டு மாத இடைவெளியில்தான் கைக்கு வந்தது.

வழக்கு: மூன்று விதிகள், மூன்று குடும்பங்கள்

காவலர்களாக நாட்டை நடத்திய பிரபுக்கள் உள்நாட்டுப் போருக்குப் பயந்து எட்வர்டை அழைத்தார்கள். எட்வர்ட் 1291 மே மாதம் எல்லையில் நார்ஹம் என்ற இடத்துக்கு வந்து வைத்த முதல் நிபந்தனை: நான் ஸ்காட்லாந்தின் மேலதிபதி என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். உரிமை கோரியவர்கள் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். மறுத்தால் போட்டியிலிருந்தே வெளியே போக வேண்டும், வேறு வழி? ரிச்சர்ட் 1189-ல் விற்ற உரிமை சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டது.

மொத்தம் 13 பேர் மனு போட்டார்கள். பாதிக்கு மேல் அரசர்களின் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் வழி வந்தவர்கள், அவர்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விசாரிக்க 104 பேர் கொண்ட மன்றம்: பேலியல் தேர்ந்தெடுத்த 40, கிழவர் புரூஸ் தேர்ந்தெடுத்த 40, எட்வர்டின் 24. இந்த எண்ணிக்கையே சொல்கிறது, நிஜப் போட்டி இரண்டு பேருக்குள்தான்.

அவர்கள் மோதிய விதிகள்:

1. மூத்த வழி. மூத்த மகளின் கிளை முழுவதும் தீர்ந்த பிறகே அடுத்த மகளின் கிளைக்கு வர வேண்டும், தலைமுறை எத்தனை கீழே இறங்கினாலும் பரவாயில்லை. இது பேலியலின் வாதம். ஆதாரம், அன்றைய இங்கிலாந்துப் பொதுச் சட்டம்.

2. இரத்த நெருக்கம். மூதாதைக்கு யார் தலைமுறையில் அருகில் இருக்கிறாரோ அவருக்கே. கிழவர் புரூஸின் வாதம். அரியணை என்பது சாதாரண நிலம் இல்லை, அதற்கு இயற்கைச் சட்டம்தான் பொருந்தும், நில வழக்குச் சட்டம் பொருந்தாது என்றார். கூடவே, 1238-ல் பிள்ளை இல்லாமல் இருந்த இரண்டாம் அலெக்சாந்தர் தன்னைத்தான் வாரிசாக ஏற்றார் என்றும் சொன்னார். அந்த அலெக்சாந்தருக்கு 1241-ல் மகன் பிறந்துவிட்டான், அதனால் அந்தப் பேச்சு செல்லாக்காசு ஆகியிருந்தது.

3. பாகப்பிரிவினை. மூன்று மகள்கள், மூன்று சம பங்கு. இது ஹேஸ்டிங்ஸ். நாட்டையே எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கு அவரிடம் சாமர்த்தியமான பதில் இருந்தது: ஸ்காட்லாந்து அரசர்களுக்கு முடிசூட்டலும் கிடையாது, புனித எண்ணெய் பூசும் சடங்கும் கிடையாது, அவர்கள் எட்வர்டுக்குக் கீழ்ப்பட்டவர்கள், ஆகவே ஸ்காட்லாந்து முழு நாடே அல்ல, மற்றப் பிரபு நிலங்களைப் போல ஒன்று. எண்ணெய்ப் பூச்சு பற்றி அவர் சொன்னது உண்மைதான், போப் அந்த உரிமையை ஸ்காட்லாந்துக்குக் கொடுத்தது 1329-ல்தான்.

நான்காவதாக ஹாலந்தின் கவுண்ட் ஐந்தாம் ஃப்ளோரிஸ். இவர் டேவிட்டின் அக்கா அடாவின் வழி. இவர் சொன்ன கதைதான் இருப்பதிலேயே சுவாரசியம்: டேவிட் கேரியோக் நிலத்தை வாங்கிக்கொண்டு தனக்கும் தன் சந்ததிக்கும் அரியணை உரிமையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், எனவே டேவிட்டின் மகள்கள் வழி வந்த எவருக்கும் உரிமை இல்லை. மூலப் பத்திரம் எங்கே? கிடைக்கவில்லை. வழக்கு மாதக்கணக்கில் ஒத்திவைக்கப்பட்டும் மூலம் வரவில்லை. ப்ளஸ்கார்டன் மடத்தலைவரும் மரே பிஷப்பும் சான்றளித்த பிரதி ஒன்று உண்டு, அதைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் போலி என்றுதான் ஒதுக்குகிறார்கள். இதில் வேடிக்கை, 1292 ஜூனில் கிழவர் புரூஸும் ஃப்ளோரிஸும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள்: இருவரில் யார் ஜெயித்தாலும் மற்றவருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஃப்ளோரிஸின் பத்திரம் நிஜமென்றால் புரூஸுக்கே உரிமை கிடையாது! கொள்கைக்கும் இந்த வழக்குக்கும் எவ்வளவு தூரம் என்பது இந்த ஒப்பந்தத்திலேயே தெரிந்துவிடுகிறது.

நவம்பர் தொடக்கத்தில் புரூஸ், பேலியல் இருவருக்குள் பேலியலுக்கே உரிமை அதிகம் என்று முடிவானது. உடனே கிழவர் புரூஸ் என்ன செய்தார்? ஹேஸ்டிங்ஸ் பக்கம் போய் நின்று, சரி, அப்படியானால் நாடு பிரிக்கத்தக்கது, எனக்கு மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்றார். அதுவரை நிலச் சட்டம் அரியணைக்குப் பொருந்தாது என்று தொண்டை வறளப் பேசியவர். செஸ்டரிலும் இதே வீடுகள்தான்: 1237-ல் இளைய கிளைகளுக்குப் பிரிவினை வேண்டியிருந்தது, மூத்த கிளைக்கு வேண்டாததாக இருந்தது. பேலியலின் அம்மா அன்று இளையவர், பங்கு வாங்கியவர். 1292-ல் அவர் மகன் மூத்த வழி, நாட்டைப் பிரிக்கவே கூடாது என்றார்.

1292 நவம்பர் 17 அன்று பெரிக் கோட்டையில் தீர்ப்பு: நாடு பிரிக்க முடியாதது, மூத்த வழியான ஜான் பேலியலுக்கே அரியணை. சட்டப்படி பார்த்தால் இது தவறான தீர்ப்பு இல்லை, அன்றைய வழக்கறிஞர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். எட்வர்ட் நினைத்திருந்தால் மூன்றாகத் துண்டு போட்டு ஸ்காட்லாந்தையே இல்லாமல் ஆக்கியிருக்கலாம், அதைச் செய்யவில்லை. அவருக்குத் தேவையான மேலாதிக்கம் தீர்ப்புக்கு முன்பே கிடைத்துவிட்டதே.

விளைவுகள்

கிழவர் புரூஸ் பேலியலுக்குத் தலைவணங்கவே இல்லை. தீர்ப்புக்குப் பத்து நாள் முன்பே தன் உரிமையை மகனுக்கும் அவன் வாரிசுகளுக்கும் எழுதி வைத்துவிட்டு, 1295-ல் இறந்தார். பேலியல் 1292 நவம்பர் 30 அன்று ஸ்கோனில் அரியணை ஏறி, டிசம்பரிலேயே எட்வர்டுக்கு அடிபணிந்து, பிறகு எட்வர்டின் குடைச்சல் தாங்காமல் எதிர்த்து, 1296-ல் தோற்று, அரச சின்னங்கள் பிடுங்கப்பட்ட சட்டையோடு பதவி இழந்தார்.

1306 பிப்ரவரி 10 அன்று டம்ஃப்ரீஸ் மடாலயத்தில் இளைய ராபர்ட் புரூஸ் ஜான் காமினைக் கொன்றார். காமினின் அம்மா எலினார், ஜான் பேலியலின் உடன்பிறந்தவர். கொன்றவர், இறந்தவர் இருவருமே டேவிட்டின் எள்ளுப்பேரர்கள். ஒருவர் இசொபெல் வழி, மற்றவர் மார்கரெட் வழி. பேலியல் பக்கத்தின் அடுத்த நம்பிக்கை காமின்தான் என்பது தெரிந்தால் அந்தக் கொலையின் அர்த்தமும் புரியும். ஆறே வாரத்தில், மார்ச் 25 அன்று, புரூஸ் ஸ்கோனில் முடிசூடினார்.

பேலியல் கிளை அதோடு அடங்கவில்லை. ஜானின் மகன் எட்வர்ட் பேலியல் 1332-ல் இங்கிலாந்தின் தயவில் வந்து ஸ்கோனில் முடிசூடிக்கொண்டார், துரத்தப்பட்டார், திரும்ப வந்தார், கடைசியில் 1356-ல் தன் உரிமையை மூன்றாம் எட்வர்டிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். அவருக்கும் பிள்ளை இல்லை. ஹேஸ்டிங்ஸ் கிளை இங்கிலாந்துப் பிரபுக்களாகவே தொடர்ந்து பெம்ப்ரோக் எர்ல்களாகி, 1389-ல் ஒரு ஈட்டிப் பந்தய விபத்தில் அந்த எர்ல்களில் கடைசியானவரை இழந்தது. திருமணத்துக்கு வெளியே பிறந்த ஹென்றியின் கிளையிலிருந்து வந்த டேவிட் பிரெக்கின், புரூஸுக்கு எதிரான சதியை அறிந்தும் சொல்லவில்லை என்று 1320-ல் மரண தண்டனை பெற்றார். ஃபோதரிங்ஹே கோட்டைக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது: 1587-ல் ஸ்காட்லாந்து ராணி மேரியின் தலையை வெட்டியது அங்கேதான், மேரி இசொபெலின் நேர் சந்ததி.

வாரிசு விதி என்ன ஆனது? ராபர்ட் புரூஸ் அரசரான பிறகு முதல் வேலையாக இல்லாவிட்டாலும், தக்க சமயத்தில் அதை எழுதி வைத்தார். 1315-ல் ஏர் நகரக் கூட்டத்தில், மகள் மார்ஜரி இருக்கும்போதே, ஆண் வாரிசு இல்லையென்றால் அடுத்தது தம்பி எட்வர்ட் என்று அறிவித்தார்கள். போர்க்காலம், வாள் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்பது காரணம். 1195-ல் பிரபுக்கள் டேவிட்டுக்காகப் பேசிய அதே வாதம். எட்வர்ட் அயர்லாந்தில் செத்த பிறகு, 1318-ல் ஸ்கோனில் போட்ட புதிய ஏற்பாடு இன்னும் தெளிவு: சாதாரண நிலச் சொத்துக்கான வழக்கம் அரியணைக்குப் பொருந்தாது, நேர் வரிசையில் நெருங்கிய ஆண், அவர் இல்லையேல் நேர் வரிசையில் நெருங்கிய பெண், அதுவும் இல்லையேல் பக்கக் கிளையில் நெருங்கிய ஆண். கிழவர் புரூஸ் பெரிக்கில் தோற்ற வாதத்தைப் பேரன் 26 ஆண்டுகள் கழித்துச் சட்டமாக்கிவிட்டார். ஆனால் 1371-ல் புரூஸின் மகன் இரண்டாம் டேவிட் பிள்ளை இல்லாமல் இறந்தபோது அரியணைக்கு வந்தது மார்ஜரியின் மகன், ஸ்டூவர்ட் வம்சத்தின் முதல் அரசர் இரண்டாம் ராபர்ட். மறுபடியும் ஒரு மகள் வழி.